பத்மநாபன் என்று தேடினால்

அக்காவின் கம்ப்யூட்டர் திரையில் ஓர் ஆறு இருக்கிறது என்பது, அவளுடைய போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்து வெகு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கல்லாற்றில் அக்காவே எடுத்த படம். உருண்டைப் பாறைகள், நடுவே நுரைத்து இறங்கும் தண்ணீர், கரையோரம் யாரோ கழற்றி வைத்த ஒரு ஜோடிச் செருப்பு. அதைத்தான் வால்பேப்பராக வைத்திருந்தாள். ஆனால் அதன்மேல் ஐகான்கள் அப்பிக் கிடந்தன. இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, விரல் வைக்க இடமில்லாமல் ஃபைல்கள். இரண்டு ஐகான்களுக்கு நடுவே கொஞ்சம் நீலமோ வெள்ளையோ தெரியும். தண்ணீர் என்று யாருக்கும் தோன்றாது. "எல்லாம் கண்ணுக்கு முன்னால கெடக்கணும் பிள்ளே. ஃபோல்டருக்குள்ள போட்டா நெல்லுப் பத்தாயத்துக்குள்ள போட்ட மாதிரி. பின்ன அது வெளிய வராது" என்பாள்.

கிழக்கேகோட்டையில் பஸ்கள் திரும்புகிற இடத்துக்குப் பின்னால், ஒரு மாடிப்படியை ஒட்டிய சின்னக் கடை அது. பாஸ்போர்ட் போட்டோ, லேமினேஷன், பழைய படங்களைத் துடைத்துப் பெரிதாக்கித் தருவது. நான் அக்கா என்று கூப்பிட்ட கடைக்காரி நாகர்கோவில் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்து, கேமராவும் எடிட்டிங்கும் தானாகவே பழகி, தனியாகக் கடை நடத்தினாள். நான் அப்போது கம்ப்யூட்டர் சயன்ஸ் முடித்திருந்தேன். கழக்கூட்டத்தில் ஓர் ஐ.டி. கம்பெனி, கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டுக் கூப்பிடாமலே இருந்தது. சும்மா இருப்பது எனக்கு வராது. அங்கே எனக்கு ஒரு போட்டோ எடுக்கப் போனபோது, அக்கா ஒரு ஃபைலைத் தேடித் தவித்ததைப் பார்த்துப் பொறுக்காமல் மவுஸை வாங்கித் தேடிக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து வேலைக்கு வந்துவிட்டேன்.

யோசனை தோன்றிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. கடையின் ஷட்டரை முழுசாகத் தூக்கக்கூட இல்லை. கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவிலிருந்து ஒருவர், ஈர வேஷ்டியோடு, குனிந்து உள்ளே வந்தார். "அப்பா போயிட்டார். பென்ஷன் ஆபீஸுக்கு இங்கதான் படம் எடுத்துண்டார். அதைக் கொஞ்சம் பெரிசாப் போட்டுத் தரணும். எடுக்கறதுக்கு முன்னாடி வேணும்" என்றார். அவர் போனில் அப்பாவின் படங்கள் இல்லாமலில்லை. ஒன்றில் முகத்தில் பாதி வேறொருவரின் தோள். இன்னொன்றில் கையில் பாயசக் கிண்ணம். சுவரில் சாய்த்து வைக்கிற மாதிரி ஒன்றுமில்லை. யாருடைய போனிலும் இருக்காது. அக்கா பேர் கேட்டாள். "பத்மநாபன்" என்றார்.

அக்கா தேடினாள். ஒவ்வொரு ஐகானாகத் திறந்து மூடினாள். அவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. "சவம், எங்க போய்த் தொலஞ்சுதோ" என்று கம்ப்யூட்டரைத் திட்டியவள், யார் முன்னால் என்ன சொல்லிவிட்டோம் என்று தெரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் கேட்காத மாதிரி வெளியே பஸ்ஸைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "பரவால்லை. அங்க எல்லாரும் காத்துண்டிருக்கா. அப்பா முகம் எனக்கு ஞாபகம் இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகு படம் கிடைத்தது. ஃபைலின் பெயர் 'சிரிக்காதவர் 2'.

பிரிண்ட் போட்டு, பிரேம் மாட்டி, நான் ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது வீடு கழுவிக்கொண்டிருந்தார்கள். வாசல்வரை தண்ணீர். அவர் படத்தை வாங்கிக்கொண்டு, ஈரத் தரையில் எங்கே வைப்பது என்று தெரியாமல், கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து அக்காவிடம் அதை மட்டும்தான் சொன்னேன். அன்றைக்கு அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவேயில்லை. சாயந்திரம் கடை மூடும்போது, "இனி ஒரு வீட்டுக்கும் பிந்தப்பிடாது, கேட்டியா? ஒரு வீட்டுக்கும்" என்றாள். எனக்கோ, அந்த ஈர வாசலிலிருந்து நடந்து வரும்போதே வழி தெரிந்துவிட்டிருந்தது. வயதானவர்களின் நல்ல படங்களை மட்டும் தனியாக எடுத்து, துடைத்து, அளவு பார்த்து, ஒரே இடத்தில் வைத்துவிட வேண்டும். அந்த இடத்தை ஒரு நொடியில் திறக்க வேண்டும். ஃபோல்டருக்குப் பெயரும் வைத்துவிட்டேன்: அவசரம்.

இந்த மாதிரி வேலை எனக்குப் பலகாரம் மாதிரி. டெஸ்க்டாப் என்பது மேஜை; மேஜையில் அன்றைய வேலை மட்டும்தான் இருக்க வேண்டும், மற்றதெல்லாம் அலமாரிக்குப் போக வேண்டும் என்று அக்காவுக்கு வகுப்பே எடுத்தேன். மிஷின் திறக்க இவ்வளவு நேரமாவதற்கும் இந்தக் கூட்டம் ஒரு காரணம் என்றேன். அவள் ஒரு கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டு மறு கண்ணால் ஒரு குழந்தையின் காதை நேராக்கிக்கொண்டிருந்தாள். உண்மையான தொல்லை ஐகான்கள் இல்லை, அவற்றின் பெயர்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. மஞ்சப்பட்டு மாமி. கோவில் டூட்டி. சிரிக்காதவர். சிரிக்காதவர் 2. மருமகளைக் கூட்டிட்டு வந்த ஆச்சி. பெரியவர்களிடம் போய்ப் பேர் கேட்பது அக்காவுக்கு வராத காரியம். வருஷக்கணக்காக வந்துபோகிற மாமாவிடம், "உங்க பேரு என்ன?" என்று எப்படிக் கேட்பது? கேட்டால், இத்தனை நாளும் தெரியாமலா இருந்தாய் என்று ஆகிவிடும். அந்தத் தெருக்களிலும் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மாமா, மாமி, மூலையாத்து அண்ணா. அதோடு வாழ்க்கை நடந்துவிடுகிறது. ஆள் போன பிறகுதான் பேர் தேவைப்படுகிறது.

ஆகவே நான் கேட்டேன். வருகிறவர்கள், போகிறவர்கள், தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரிடமும் பேர் கேட்டு, ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒழுங்காகப் பேர் வைத்தேன். முடிந்ததும் அக்காவைக் கூப்பிட்டு நிறுத்தி, பெருமையாகப் 'பத்மநாபன்' என்று தேடிக் காட்டினேன். திரை நிறைய முகங்கள். கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தன. பத்மநாபசாமி கோயில் இருக்கிற ஊர். வீட்டுக்கு ஒரு பத்மநாபன். எங்கள் வீட்டில், சாலைக்கடை பஜாரில் கணக்கெழுதுகிற என் அப்பாவும் பத்மநாபன்தான். எனக்கு இது தோன்றாமல் போனதுதான் வேடிக்கை. அக்கா சிரித்த சிரிப்பில் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த ஒருவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். "கொள்ளாம் பிள்ளே, நல்லாத்தான் இருக்கு. எந்தப் பத்மநாபன எடுக்கணும்னு இனி அந்தப் பத்மநாபன்கிட்டயே போய்க் கேளு" என்று கோயில் இருக்கும் திசையைக் கையால் காட்டினாள்.

அதன் பிறகு தெருவைப் பிடித்தேன். அவசரம் என்ற ஃபோல்டருக்குள் தெருக்கள், தெருவுக்குள் வீடுகள், வீட்டுக்குள் முகங்கள். பட்டியலாகத் தெரிவதை மாற்றி, முகம் பெரிதாகத் தெரிகிற மாதிரி வைத்தேன். பேர் தெரியாவிட்டாலும் பார்த்ததும் பிடித்துவிடலாம். அந்த ஃபோல்டருக்கு ஒரு ஷார்ட்கட்டைச் செய்து டெஸ்க்டாப்பில் போட்டு, அதோடு கீபோர்டின் மூன்று சாவிகளைக் கட்டினேன்: கன்ட்ரோல், ஆல்ட், ஏ. எந்த வேலையில் இருந்தாலும் மூன்று விரலை அழுத்தினால் ஃபோல்டர் முன்னால் வந்து நிற்கும். அக்கா முதல் தடவை அழுத்திவிட்டு, சூடு பட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டாள். பழைய ஃபைல்களையெல்லாம், அக்கா வைத்த பேர்களோடு, 'பழசு' என்ற ஃபோல்டருக்குள் தள்ளினேன். கடைசி ஐகான் போனதும் திரையில் ஆறு தெரிந்தது. "இது நம்ம கல்லாறாக்குமே!" என்றாள் அக்கா. "நான் எடுத்ததுதான். மறந்தே போச்சு." வாசலில் ஒருவர் போட்டோவுக்கு நின்றார். அவரை நிற்க வைத்துவிட்டு அக்கா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்று மட்டும் கூடுதலாகச் செய்துவிட்டேன். ஒரே கட்டளையில் எல்லாப் படங்களுக்கும் ஒரு ஓரம் போட்டேன். கீழே இரண்டு குத்துவிளக்கு, எரிகிற திரியோடு. "இது வேணுமா மக்ளே? ஆளு இருக்கும்போதே விளக்கு வைக்கதா?" என்றாள் அக்கா. "நேரம் மிச்சம் அக்கா" என்றேன்.

ஸ்ரீவராகம் பக்கத்திலிருந்து ஒரு மாமா வருவார். அக்கவுண்டன்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் ஒரு பத்மநாபன். கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்பது அவருக்கு ஆகாது. உடம்பைப் பாதி உள்ளே சாய்த்து, கண்ணாடி மூக்கு நுனிக்கு வழிய, திரையை எட்டிப் பார்த்து உத்தரவு போடுவார். "காதை ரொம்ப வெளுப்பாக்காதே." "அந்த மருவை எடுக்காதே, அது என்னோடதாக்கும்." வெளிநாட்டிலிருக்கும் பையனிடம் போக, விசாவுக்குப் படம் எடுக்க ஒரு நாள் வந்தார். பழைய படத்தோடு ஒப்பிட்டு நிறம் பார்க்கலாம் என்று நான் மூன்று விரலையும் அழுத்தி, ஸ்ரீவராகம் ஃபோல்டரைத் திறந்தேன். மாமா எட்டிப் பார்த்தார். "இதோ நான்!" என்றார் சந்தோஷமாக. பிறகு விளக்கைப் பார்த்தார். பக்கத்து வீட்டு மாமாவுக்கும் விளக்கு. எதிர்வீட்டு மாமிக்கும் விளக்கு.

"என்னவாக்கும் இது?"

அக்காவின் முகம் செத்துவிட்டது. இது தெருவுக்குள் போனால், உயிரோடிருக்கிறவர்களைத் தயார் பண்ணி வைத்திருக்கிறாள் என்று ஆகும். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் படியேற மாட்டார். எனக்குப் பேசாமல் இருக்கத் தெரியாது. "அது ஒரு ஷார்ட்கட் மாமா" என்று ஆரம்பித்தேன்.

"எங்க போறதுக்கு?" என்றார் மாமா.

அக்கா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். பிறகு ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்: படம் பிந்தியது, வீடு கழுவியது, ஈரத் தரையில் வைக்க முடியாமல் அந்த மனுஷர் கையில் பிடித்துக்கொண்டு நின்றது. மாமா ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "அந்த ஆத்துக்கு நானும் போயிருந்தேன். பார்த்தேன்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தன் படத்தை வெகு நேரம் பரிசோதித்தார். "விபூதி கலைஞ்சிருக்கு. காலர் ஒரு பக்கம் தூக்கிண்டிருக்கு. இது வேண்டாம், வேற எடு."

"இப்பவா மாமா?" என்றாள் அக்கா.

"பின்னே? அப்புறமாவா வந்து உட்காரறது?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு அவருக்கும். புதிதாக எடுத்த படங்களில் மிகவும் கறாராக இருந்த ஒன்றை மாமா தேர்ந்தெடுத்தார். போகும்போது திரையைக் காட்டி, "அந்த விளக்கை எடுத்துடு குழந்தே. அதை ஆத்துக்காரா ஏத்திக்கட்டும்" என்றார். அன்றே எல்லாப் படங்களிலிருந்தும் எடுத்தேன். போடுவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எடுக்க முழுப் பகலும் ஆயிற்று.

நாங்கள் பயந்த மாதிரியே விஷயம் தெருவுக்குள் போயிற்று. ஆனால் பயந்த மாதிரி நடக்கவில்லை. அடுத்த வாரம் அவர் வீட்டு மாமி வந்தாள், மாம்பழக் கலர் பட்டில், தலையில் பூவோடு. "அவர் மட்டும் ஜம்முனு இருந்தாப் போறுமா? எனக்கும் ஒண்ணு எடு." பிறகு எதிர்வீட்டு மாமி, அவள் நாத்தனார், மூலையாத்து அண்ணா. புதுசா ஒண்ணு எடுத்து வெச்சுக்கலாமேன்னு வந்தேன் என்பார்கள். எதற்கென்று யாரும் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. இரண்டு மூன்று எடுத்துக் காட்டி, "எது இருக்கட்டும்?" என்பாள். அவர்கள் ஒன்றைத் தொட்டுக் காட்டுவார்கள். புடவைக்கடையில் நிறம் பார்க்கிற மாதிரிதான் நடக்கும், கொஞ்சம் நேரம் கூடுதலாக. அந்த வேலையில் அக்கா அவசரப்படுத்தி நான் பார்த்ததில்லை.

மாமா பையனிடம் போய்த் திரும்பி வந்து, அடுத்த மழைக்காலத்தில் இறந்தார். காலையில் அவருடைய பெண் போன் செய்தாள். அக்கா மூன்று விரலை அழுத்தினாள். ஆட்டோ பிடித்து இருவருமாகப் போனோம். திருநெல்வேலி உறவுக்காரர்கள் இன்னும் வந்திருக்கவில்லை. தரை காய்ந்து கிடந்தது. பெண் படத்தை வாங்கி ஒரு நாற்காலியில் வைத்து, முன்னால் விளக்கை ஏற்றினாள். நாங்கள் மழைக்கு ஒதுங்கி கேட்டோரம் நின்றோம். "பிந்தல்ல, இல்லியா?" என்றாள் அக்கா. "பிந்தல்ல அக்கா" என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மழை என்பதால் எதைத் துடைத்தாள் என்று சொல்ல முடியவில்லை.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாளில் மாமி கடைக்கு வந்தாள். அந்த வாரம்தான் கழக்கூட்டத்துக் கம்பெனி கடைசியாக என்னைக் கூப்பிட்டிருந்தது. "படம் நன்னாத்தான் இருக்கு. குத்தம் சொல்லலை. ஆனா அது ஆபீஸ் போற மூஞ்சி. என்னைப் பார்க்கவே மாட்டேங்கறது" என்றாள் மாமி. "அவர் இங்க வந்து எட்டி எட்டிப் பார்ப்பார்னு சொல்லுவியே, அப்படி ஒண்ணு இருக்குமோ?" நான் உற்சாகமாக அவசரத்தைத் திறந்தேன். ஸ்ரீவராகம், வீடு, மாமா. கறாரான அந்த ஒரு படம்தான். அவர் பேரைப் போட்டுத் தேடினேன். ஊரில் உள்ள பத்மநாபன்களெல்லாம் வந்தார்கள், எட்டிப் பார்க்கிறவர் வரவில்லை. அக்கா மெதுவாகக் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, 'எட்டிப் பாக்குற மாமா' என்று அடித்தாள். 'பழசு' என்ற ஃபோல்டரிலிருந்து வந்தது. கேலிக்காக அக்கா எப்போதோ எடுத்து வைத்தது. கொஞ்சம் ஆடியிருந்தது. கண்ணாடி மூக்கு நுனியில், வாய் பாதி திறந்து, ஒரு கை கவுன்டரைப் பிடித்தபடி. மாமி திரைக்குப் பக்கத்தில் குனிந்து, "மருவை எடுக்காதேங்கறார்" என்றாள்.

விரைவாக எடுப்பதற்கு நான் செய்த ஏற்பாடு, எது கேட்கப்படும் என்று முன்கூட்டியே தெரிந்த இடத்தில்தான் ஓடும். மாமி கேட்டது அந்த வகையில்லை. கம்பெனியில் சேர்வதற்கு முன்பு மீதமிருந்த நாட்களில், தெரு, வீடு, பேர் என்று நான் வைத்த வரிசையின் வாலில், அக்காவின் பழைய பேர்களையும் ஒட்டினேன். ஃபைல் பெயர்கள் ரயில் மாதிரி நீண்டன. பார்க்க அழகில்லை. எந்தப் பக்கமிருந்து தேடினாலும் கிடைத்தது.

இப்போது எனக்கு இரண்டு மானிட்டர். இரண்டிலும் டெஸ்க்டாப் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். பக்கத்து சீட்டுக்காரர்கள் வந்து, எங்கேதான் எல்லாம் வைக்கிறாய் என்று மலையாளத்தில் கேட்டுவிட்டுப் போவார்கள். என் சொந்த லேப்டாப்பில் கல்லாறுதான் வால்பேப்பர். கடையை விட்டு வரும்போது அக்காவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதிலும் அவசரம் என்று ஒரு ஃபோல்டர் உண்டு, மூன்று சாவிகளோடு. அழுத்தினால் திறக்கும். உள்ளே ஒன்றுமில்லை. கடையில் இருந்த நாளிலேயே அக்கா சொல்லுவாள்: "ஊருக்கெல்லாம் எடுத்தாச்சு. உங்க அப்பாவ ஒரு நாள் கூட்டிட்டு வா பிள்ளே." வருகிறேன் அக்கா என்று சொல்லிவிட்டு அடுத்த ஃபைலைத் திறந்துவிடுவேன். எதையும் உடனே செய்துவிடுகிறவள் என்று வீட்டிலும் வேலையிலும் எனக்குப் பேர்.

போன வாரம் அக்கா கூப்பிட்டாள். பழைய மிஷின் நின்றுவிட்டதாம். புதுசு வாங்கி, விற்ற கடைக்காரப் பையனே எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்திருக்கிறான். "ஆறு மட்டும் தெரியுது மக்ளே. வேற ஒண்ணையும் காணல்ல. மூணு விரலையும் வச்சு அமுக்குனா, அது பாட்டுக்கு ஒழுகிக்கிட்டுக் கெடக்கு. நீ வந்து சரியாக்கிக் குடு." ஷார்ட்கட்டை விட்டுவிட்டு ஃபோல்டரை மட்டும் எடுத்து வைத்திருப்பான், சின்ன வேலைதான். சனிக்கிழமை வருகிறேன் என்றேன். அவள் வழக்கமான கேள்வியைக் கேட்பதற்கு முன்பே, அப்பாவையும் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். "செரி. காலையிலயே வா. வெளிச்சம் நல்லாருக்கும்" என்றாள்.

அப்பாவிடம், பேங்க்குக்கு ஒரு போட்டோ வேண்டுமாம் என்றேன். "பேங்க்ல கேட்டா எங்கிட்டல்லா கேப்பாங்க?" என்றார். நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்தேன். பிறகு, "அந்த நீலச் சட்டையப் போடட்டா?" என்றார். எது வேண்டுமானாலும் போடுங்கப்பா என்றேன். "அப்பிடி இல்ல, நீ சொல்லு. நீதானே பாக்கப்போற."

சனிக்கிழமைக்குத் திட்டம் போட்டாயிற்று. அக்கா அவரை ஸ்டூலில் உட்காரவைத்து நீலச் சட்டையில் ஒன்று எடுக்கட்டும். அவரே தொட்டுக் காட்டட்டும். அதற்கு முன்போ பின்போ, வெளியே படியில் நின்று பஸ் போர்டுகளைச் சத்தமாக வாசிப்பாரே, எங்கே போனாலும் செய்கிற வேலை, அப்போது அவருக்குத் தெரியாமல் ஒன்றை நான் எடுத்துப் பார்க்கப்போகிறேன். முதல் படம் அக்காவின் மிஷினில், எங்கள் தெருவுக்குள், எல்லாப் பத்மநாபன்களோடும் சேரும். இரண்டாவதை எந்த ஃபோல்டருக்குள்ளும் போடுவதாக இல்லை. ஆற்றின்மேல், கரையோரச் செருப்புக்குப் பக்கத்தில், ஒரே ஒரு ஐகானுக்கு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஃபைலுக்குப் பேர் 'அப்பா'. என் மிஷினில் அப்படித் தேடினால் ஒன்றுதான் வரும்.